மடக்குக் கத்தியின் தரம் மூட்டில்தான்: ஏலமலை ஈரத்தில் ஐந்து கத்திகளைச் சோதித்த அனுபவம்

ஏலத்தோட்டத்தில் மடக்குக் கத்திக்கு ஓய்வே கிடையாது. சாய்ந்த தட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய், உரமூட்டையின் தையல், மிளகுக்கொடியில் தரையோடு ஓடும் தலைப்பு, மத்தியானச் சோற்றுக்கு ஒரு வெங்காயம். காலையில் கம்பமெட்டு ஏறி வரும்போது சட்டைப்பையில் போடுவது, சாயங்காலம் ஜீப்பில் இறங்கும் வரை கைக்கும் பைக்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கும். இதில் பாதி நேரம் மழை. வண்டன்மேடு, அணக்கரைப் பக்கம் ஜூனில் பிடிக்கும் சாரல் லேசில் விடாது. கத்தி நனையும், பை நனையும், கையில் மண்ணும் பிசினும் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் கத்திகள் இந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கத்தான் கையில் இருக்கும் கத்திகளை ஒரே மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, சோதித்து, முடிந்ததைச் சரிசெய்தேன்.

கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது எஃகைத்தான். கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா, கடினம் எத்தனை ராக்வெல் (எஃகின் கடினத்தை அளக்கும் கணக்கு)? அந்தக் கேள்வி தப்பில்லை. ஆனால் மடங்காத நிலைக்கத்திக்கு அது பொருந்தும் அளவுக்கு மடக்குக் கத்திக்குப் பொருந்தாது. கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இதைப் பச்சையாகச் சொன்னார்: “வாயி போச்சுன்னா கல்லுல தேச்சுக்கலாம் தம்பி. மூட்டு போச்சுன்னா என்ன செய்வ?” நானும் அந்தக் கட்சிதான். மடக்குக் கத்தியை மூட்டிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். அலகு அப்புறம்.

மேஜையில் இருந்தவை ஐந்து. மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியப்பா வழியாக வந்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் செய்த பழைய கத்தி, எருமைக்கொம்புப் பிடி போட்டது. பிரான்ஸின் ஒப்பினெல் 8ஆம் நம்பர், கார்பன் அலகு. அலுமினியப் பிடி போட்ட விக்டோரினாக்ஸ் பயனியர். வாரச் சந்தையில் வாங்கிய, பெயரில்லாத ஒரு கத்தி. கடைசியாக, மேலே சொன்ன பட்டறை அண்ணன் லாரிப் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) அடித்துத் தந்த மடக்குக் கத்தி.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

இதில் பழைய ஷெஃபீல்டும் விக்டோரினாக்ஸும் சந்தைக் கத்தியும் ஒரே இனம். அலகின் அடிக்கட்டை ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். கத்தியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டை, அதாவது ஸ்பிரிங், அந்தக் கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். கட்டையின் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கில் உட்காரும்போது அலகு நிற்கும். மூலை வரும்போது ஸ்பிரிங் எழும்பும், விரலுக்கு எதிர்ப்பு தெரியும். வேறு பூட்டு ஏதும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஷெஃபீல்டில் வழக்கத்துக்கு வந்துவிட்ட அமைப்பு இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

அமைப்பு இவ்வளவு எளிமையானது என்பதால்தான் வேலைத்திறன் ஒளிந்துகொள்ள இடமில்லை. கத்தியை மூடிய நிலையில் வைத்து முதுகில் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங்கும் பிடியின் இருபுறத் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முழுக்கத் திறந்து மறுபடியும் தடவுங்கள். இரண்டு நிலையிலும் மட்டமாக இருந்தால் அடிக்கட்டையை அரம் போட்டவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கலாம். கசிகிற இடத்தில் நாளைக்குத் தண்ணீர் போகும்.

அடுத்தது ஆட்டம். அலகைத் திறந்து, நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் எதுவும் தெரியக்கூடாது. மேலும் கீழுமாக அசைந்தால் அது இன்னும் மோசம். பக்க ஆட்டம் பெரும்பாலும் ஆணி தளர்ந்ததால் வரும், அதற்கு மருந்து உண்டு. மேல்கீழ் ஆட்டம் என்றால் அலகின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கும்.

கடையில் யாரும் கவனிக்காதது இன்னொன்று உண்டு. அலகை மூடும்போது அதன் வாய் உள்ளே ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்பது. நல்ல கத்தியில் அடிக்கட்டையின் முன்பக்கம் ஒரு சின்னப் புடைப்பு விட்டிருப்பார்கள். அது முதலில் ஸ்பிரிங்கில் முட்டி அலகை நிறுத்தும், வாய் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நியூஸ்பேப்பரை மடிப்புக்குள் விட்டு மூடித் திறந்து பார்க்கலாம். காகிதத்தில் வெட்டுத்தடம் விழுந்திருந்தால் அந்தக் கத்தி மூடும்போதெல்லாம் தானே மழுங்கிக்கொள்கிறது.

பழைய ஷெஃபீல்டு: ஆணியை இறுக்கிய கதை

இந்தக் கத்தியின் அலகில் முத்திரை தேய்ந்துபோய் ஊர்ப்பெயர் மட்டும்தான் மிச்சம். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். அது ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம், 1682-ல் பதிவான முத்திரை. இங்கிலாந்துக்காரர்கள் தோட்டம் நடத்திய இடங்களுக்கெல்லாம் அந்தக் கத்தி போயிருக்கிறது. என்னுடையதில் அது இல்லை. ஆனால் வேலைப்பாடு அந்த ஊர்ப் பெயருக்குக் குறைவு வைக்கவில்லை. ஷெஃபீல்டில் கத்திக்காரர்களுக்கு 1624-லிருந்தே சட்டப்படி அமைந்த சங்கம் உண்டு. அலகை அடிப்பவர் ஒருவர், சாணையில் தீட்டுபவர் வேறொருவர், பிடிபோட்டுச் சேர்ப்பவர் மூன்றாமவர் என்று வேலை பிரிந்திருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்த கைகள் தொட்ட பொருள் என்பது முதுகைத் தடவும்போதே தெரிகிறது. இத்தனை காலம் கழிந்தும் மூடினாலும் திறந்தாலும் ஸ்பிரிங் மட்டமாகவே நிற்கிறது.

குறை இரண்டு. மடிப்புக்குள் கறுத்துக் கெட்டிப்பட்ட பழைய எண்ணெயும் துருவும். அலகில் லேசான பக்க ஆட்டம்.

முதலில் சுத்தம். கொம்புப் பிடியை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. கொம்பு ஈரம் குடித்து, காயும்போது நெளியும், ஆணியைச் சுற்றி வெடிக்கும். அதனால் மூட்டில் மட்டும் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அலகைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கொண்டிருந்தேன். முதலில் காப்பிக் கசடு நிறத்தில் வழிந்தது. ஈர்க்குச்சியின் நுனியைச் சப்பையாகச் சீவி, துணி சுற்றி, ஸ்பிரிங்கின் உள்பக்கம் முழுக்கத் துழாவினால் பழைய காலத்துப் பஞ்சும் மண்ணும் உருண்டை உருண்டையாக வந்தன. உலோகக் குச்சி வேண்டாம், பித்தளைத் தகட்டைக் கீறிவிடும். வழியும் எண்ணெய் தெளிவாகும் வரை விடாமல் செய்ய வேண்டும். இதற்கு அவசரம் ஆகாது.

சுத்தமான பிறகுதான் ஆணி கண்ணுக்குப் பட்டது. பழைய கத்திகளில் தலைப்பூணும் (பிடியின் முனையில் இருக்கும் உலோகக் கவசம்) அதன் வழியே போகும் அச்சாணியும் ஒரே உலோகம். ஆணித்தலையை அடித்துப் பரப்பி, பூணோடு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆட்டம் வந்த கத்தியில் அதைக் கண்டுபிடிக்க வழி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூணின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அலகை அசைப்பது. மயிரிழைக்கும் மெல்லிய ஒரு வட்டம் ஈரமாகப் பூணின் மேல் எழும்பும். அசைக்க அசைக்க அந்த வட்டத்தில் எண்ணெய் மினுங்கி மறையும். அதுதான் ஆணியின் விளிம்பு, தளர்ந்திருக்கும் இடமும் அதுதான்.

இறுக்குவதற்குக் கனமான சுத்தியல் தேவையில்லை. உருண்டைத் தலை உள்ள சின்னச் சுத்தியல் போதும். கீழே வழவழப்பான இரும்புக்கட்டை ஒன்று. அலகின் அடிக்கட்டைக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய மெல்லிய கீற்றைச் செருகிக்கொண்டேன். இந்தக் கீற்று இல்லாமல் அடித்தால் அலகு திறக்கவே முடியாமல் இறுகிப்போகும். பிறகு ஆணித்தலையின் நடுவில் அடிக்காமல், அதன் விளிம்பைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சுற்று, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கீற்றை உருவிவிட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்ற அந்தக் கணத்திலேயே கையை நிறுத்திவிட வேண்டும். கடைசியில் 400, 800, 1200 உப்புத்தாளில் பூணைத் தேய்த்தேன். வட்டம் மறைந்துவிட்டது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். மூட்டுக்கு மட்டும் அது வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வண்டன்மேட்டில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் கத்தியின் மூட்டிலும் உறையும். வெயிலில் இளகினாலும் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

ஈரம் குடிக்கும் மரம்: ஒப்பினெல்

ஒப்பினெல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1890-ல் ஜோசஃப் ஒப்பினெல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் விவசாயிகளுக்கென்று செய்த கத்தி. இதில் முதுகு ஸ்பிரிங் கிடையாது. ஒரு துண்டு பீச் மரம், அதில் அறுத்த ஒரு பள்ளம், ஒரு அலகு, ஒரு ஆணி, அதைச் சுற்றி ஒரு எஃகுப் பூண். 1955-ல் இதன்மேல் சுழலும் வளையப் பூட்டைச் சேர்த்தார்கள். திறந்ததும் வளையத்தைத் திருகினால் அலகு விரல்மேல் மடியாது. உதிரிப்பாகங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். குறைந்த பொருளில் இவ்வளவு சாதித்த கத்தி வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை. 8ஆம் நம்பரின் அலகு 8.5 செ.மீ., பின்புறம் மெலிந்து வாய்வரை ஒரே சரிவில் வருவதால் மாங்காயை வெட்டும்போது பிளக்காமல் நழுவிக்கொண்டு போகும்.

பீச் மரம் ஈரம் குடிக்கும். அது மரத்தின் குணம், செய்தவர்களின் குறை இல்லை. ஊதிய மரம் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சவோய்க்காரர்களே இதற்கு ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டு. அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். மலையில் ஆடி மாதம் இந்தத் தட்டு இல்லாமல் வேலை நடக்காது. அதே கத்தி கம்பத்து வீட்டில் கொஞ்ச நாள் கிடந்தால் தளர்ந்து வழிக்கு வந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் மழைமறைவு. இடையில் இருப்பது ஒரு மலைப்பாதை மட்டுமே. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்காட்ட இந்த மரத்துண்டு ஒன்றே போதும்.

சரிசெய்ய நினைப்பவர்கள் மழைக்காலத்தில், மரம் ஊதியிருக்கும்போதே செய்யுங்கள். கோடையில் பள்ளம் எவ்வளவு இறுகும் என்று கணிக்க முடியாது. நான் 220 உப்புத்தாளை மடித்து, அலகைப் பாதி திறந்த நிலையில் பள்ளத்துக்குள் விட்டு, இரண்டு கன்னத்தையும் சமமாகத் தேய்த்தேன். மரத்தில் கறுப்பாகப் பளபளப்பேறிய திட்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அலகு உரசுகிறது. அந்தத் திட்டுகளை மட்டும் எடுத்தால் போதும். கட்டைவிரல் அழுத்தத்துக்கு அலகு நகரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, காய் உலர்த்தும் ஸ்டோரின் வெளி அறையில் சில இரவுகள் தொங்கவிட்டேன். உலர்த்தும் அறைக்குள்ளேயே வைக்கலாமே என்று ஸ்டோரில் இருந்த சேட்டன் கேட்டார். ஏலக்காய்க்கு ஏற்ற 50 டிகிரி சூட்டில் மரம் வெடித்துவிடும், வேண்டாம் சேட்டா என்றேன். நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் தடவி ஊறவிட்டு, மேலே தேன்மெழுகை உருக்கிப் பள்ளத்தின் உள்ளே ஓடவிட்டேன். இப்போதும் கனமழையில் இறுகத்தான் செய்கிறது. ஆனால் தட்டாமலேயே திறக்க வருகிறது.

கார்பன் அலகுக்குத் துரு பயம் உண்டு. அதற்கு மாங்காயே மருந்து. புளிப்பான மாங்காய்த் துண்டுகளை அலகின் மேல் அடுக்கிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் சாம்பல் நிறப் படலம் ஒன்று பிடித்துக்கொள்ளும். செந்துரு அதன் மேல் அவ்வளவு சுலபத்தில் ஏறாது. தினமும் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதே கத்தியை ஸ்டெயின்லெஸ் அலகோடு வாங்கிக்கொள்வது நல்லது. வாய் கூர்மையில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

விக்டோரினாக்ஸ்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. கார்ல் எல்ஸ்னர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறை, 1891-ல் முதன்முதலாகச் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. என்னிடம் இருக்கும் 93 மி.மீ. அலுமினியப் பிடிக் கத்தியில் ஊதுவதற்கு மரமில்லை, நெளிவதற்குக் கொம்பில்லை. அலகின் கடினம் 56 ராக்வெல், ஸ்பிரிங் அதைவிடக் கொஞ்சம் மென்மையாக, வளைந்து மீளும்படி பதப்படுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கில் இயந்திரத்தில் அடித்தாலும் மூட்டின் மட்டம் பிசகாமல் வைத்திருக்கிறார்கள். மண் போனால் வெந்நீரில் அலசி, உதறி, உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய். மழை நாளில் என் பையில் இருப்பது இதுதான். மெருகு போன பழைய ஷெஃபீல்டைத் தொடும்போது வரும் சந்தோஷம் இதில் வராது. ஆனால் நனைந்த கையில் நம்பிக்கை வருகிறது.

சந்தைக் கத்தி

பெயரில்லாத இந்தக் கத்தியை நியாயமாகவே பார்க்க முயன்றேன். விலை குறைவு, பிடி கைக்கு அடக்கம், அலகு பார்வைக்கு நன்றாக இருந்தது. முதுகைத் தடவியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மூடும்போது மட்டமாக இருக்கும் ஸ்பிரிங், திறந்ததும் தகட்டுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. காகிதச் சோதனையில் காகிதம் துண்டானது. அலகின் வயிற்றுப் பகுதியில் ஸ்பிரிங்கில் இடித்து இடித்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அடிக்கட்டையின் புடைப்பில் அரத்தை வைத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. பதமேறிய எஃகில் அரம் வழுக்கும். இது துவைச்சலே (பழுக்கக் காய்ச்சி முக்கிப் பதமேற்றுவது) காணாத இரும்பு.

புடைப்பை இன்னும் அரம் போட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கத்தியை இன்னும் ஆழமாக உட்காரவைத்து நிலைமையை மோசமாக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது: புடைப்பின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டி உலோகத்தைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டும், இல்லையென்றால் இடிக்கிற இடத்தில் வாயைத் தீட்டி உள்ளே வாங்க வேண்டும். இரண்டையும் செய்தேன். இடிப்பு நின்றது. ஆனால் அவ்வளவு மென்மையான இரும்பில் தள்ளி வைத்த புடைப்பு சீக்கிரமே மறுபடி நசுங்கும். ஸ்பிரிங் பலவீனத்துக்கு மருந்தே இல்லை. உரமூட்டைத் தையல் பிரிக்க ஸ்டோரில் தொங்கவிட்டிருக்கிறேன். விரலை முன்னே வைத்து அழுத்தி வெட்டும் எந்த வேலைக்கும் இதைக் கொடுக்க மாட்டேன், பிள்ளைகள் கையிலும் கொடுக்க மாட்டேன்.

கம்பத்துப் பட்டறைக் கத்தி

கடைசிக் கத்தியில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. உராய்வு மட்டும்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. ஜப்பானில் ஹியோகோ மாநிலத்து மிக்கி நகரில் 1890-களிலிருந்து செய்துவரும் ஹிகோனோகாமி கத்தியும் இதே இனம்தான். அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் பிடிக்குள் அழுத்திக்கொண்டால், வெட்டும் வரை கை அழுத்தமே பூட்டு. பட்டறை அண்ணனிடம் படம் வரைந்து காட்டியதும் புரிந்துகொண்டார். லாரிப் பட்டையிலிருந்து அறுத்து, அடித்து, வாய்ப்பகுதியை மட்டும் துவைச்சல் காட்டி, முதுகை மென்மையாகவே விட்டிருந்தார். அருவாளுக்குச் செய்கிற அதே பக்குவம். பிடி பலாமரம்.

பட்டறையில் முதலில் ஆணியை அப்படியே மரத்தின் மேல் அடித்துப் பரப்பியிருந்தார்கள். அலகு மரத்தோடு நேரடியாக உரசியது. மழைக்கு முன்னே நன்றாக இருந்தது, மழை பிடித்ததும் ஒப்பினெல்லைப் போலவே இறுகியது. ஆணியைத் துளைத்து எடுத்துவிட்டு, அலகுக்கு இருபுறமும் பித்தளை வாஷர், மரத்துக்கு வெளியேயும் வாஷர் போட்டு, மறுபடி எக்ஸ்ரே கீற்று வைத்துத் தட்டி இறுக்கினேன். உள்ளே போட்ட வாஷர் மரத்துக்கும் அலகுக்கும் இடைவெளி தருகிறது. மரம் ஊதினாலும் அலகைத் தொடுவதில்லை.

ஈரத்தில் விட்ட பித்தளையில் பச்சைக் களிம்பு வரும். வாரம் ஒருமுறை புளித்தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, உடனே காயவைத்து எண்ணெய் விடுகிறேன். அண்ணனிடம் திருத்திய கத்தியைக் காட்டினேன். வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “அடுத்ததுல நானே போட்டுத் தாரேன். ஆணிக்கு எட்டு கேஜ் கம்பி வேணாம், கொஞ்சம் தடியாவே போடுவோம்” என்றார். அலகைக் கொஞ்சம் குட்டையாக, மிளகுத்தண்டு நறுக்கத் தோதாக, இரண்டு கத்திக்குச் சொல்லியிருக்கிறேன்.